பிடிலின் சுருதியில் ஒரு மாண்டலின்

மாண்டலின் என்றதும் நம்மவர்களுக்கு உ. ஸ்ரீநிவாஸின் ஐந்து தந்தி மின் மாண்டலின்தான் நினைவுக்கு வரும். நான் வாசிப்பது அதன் மூத்த வடிவம். எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடிகள். ஜி, டி, ஏ, இ என்று சுருதி கூட்ட வேண்டும். மேற்கத்திய வயலினுக்கும் இதே சுருதிதான். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிடிலுக்கென்று கட்டிய மெட்டுகள், விரல் வரிசைகூட அதிகம் மாறாமல் மாண்டலினில் வந்து அமர்ந்துகொள்ளும். எடின்பரோவுக்குக் குடிவந்த பிறகு இந்த இசை என்னைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே முதல் காரணம்.

ஆனால் கருவி சரியாக இருக்க வேண்டும். தனியாக வீட்டில் வாசிக்கும்போது காது பலவற்றை மன்னித்துவிடும். பிடிலும் குழலும் அக்கார்டியனும் சுற்றி அமர்ந்து ஒரே மெட்டை வாசிக்கும் செஷனில் அந்த மன்னிப்பு கிடையாது. ஜோடித் தந்திகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் ஒலி கலங்கிவிடும்.

மாண்டலினின் குதிரை பலகையில் ஒட்டப்பட்டிருக்காது. தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் தந்தி மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். குதிரையின் இரண்டு ஓரங்களிலும் காகித ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்துக்கொள்வது என் வழக்கம். அதன் இடம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே தந்தியை விரலால் லேசாகத் தொட்டு மீட்டினால் மணி போன்ற மெல்லிய சுரம் கேட்கும். பிறகு அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் கூடுதலாகக் கேட்டால் குதிரையைத் தந்தி முடியும் வால்பக்கம் தள்ளுங்கள், குறைந்து கேட்டால் கழுத்துப்பக்கம். மாண்டலின் தந்தியின் அதிரும் நீளமே ஏறக்குறைய 14 அங்குலம்தான் என்பதால், நகத்தளவு நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும்.

சுருதி கூட்டும்போது எப்போதும் கீழிருந்து மேலே வாருங்கள். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இறக்கி நிறுத்திய தந்தி, வாசிக்கும்போது மேலும் நழுவும். முறுக்கும்போது டிக்கென்று சத்தம் வந்தால், தந்தி கழுத்து நுனியிலுள்ள மேற்கட்டைப் பள்ளத்தில் சிக்குகிறது என்று பொருள். பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் போதும்.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பனிக்காலத்தில் வீட்டுச் சூடேற்றி காற்றை உலர்த்திவிடும். ஸ்புரூஸ் மேற்பலகை வெடிக்கும். ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ரேடியேட்டர் பக்கத்தில் மாண்டலினை வைக்கவே கூடாது. கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்வதை மட்டும் கருவி செய்பவரிடம் விட்டுவிடுங்கள்.

இனி மெட்டுகள். ஆட்டத்துக்கான மெட்டுகளில் ஜிக் என்பது 6/8 தாளம், ரீல் 4/4. பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டு அளவு, இரண்டிரண்டு முறை வாசிப்பார்கள். ஜிக்குக்குப் பிளெக்ட்ரத்தை கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று போட வேண்டும். ஒவ்வொரு மூன்றின் முதல் சுரமும் கீழ் அடியில் விழும்போதுதான் ஆட்டக்காரரின் கால் எழும். இதைப் பழகாமல் வேகம் சேர்ப்பதில் பயனில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்ஸ்பே வேறு வகை: குறிலும் நெடிலுமாக வெட்டி வெட்டிச் செல்லும். டன்கெல்ட் அருகே இன்வரில் வாழ்ந்த நீல் கோ (1727–1807) அந்த வகையின் பெரிய பெயர். நம் காதுக்கு இந்த இசை அந்நியமல்ல. பேக்பைப் மெட்டுகள் பலவற்றில் ஹரிகாம்போஜியின் சுரங்கள் கேட்கும், ‘கூலிஸ் ரீல்’ போன்றவற்றில் கரகரப்பிரியாவின் சுரங்கள். கமகத்தை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அச்சிட்ட தொகுப்புகள் உண்டு. கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோவின் போலீஸ் தலைவரான பிரான்சிஸ் ஓநீல் 1903-இல் வெளியிட்ட நூலில் மட்டும் 1,850 மெட்டுகள். நான் அதைத் திறப்பது மறந்த திருப்பத்தைச் சரிபார்க்கத்தான். எழுத்தில் சுரம் இருக்கிறது, நடை இல்லை. நடைக்கு 1920-களில் நியூயார்க்கில் ஒலித்தட்டுகள் பதித்த ஸ்லைகோ பிடில்காரர் மைக்கேல் கோல்மனைக் கேளுங்கள். மாண்டலினுக்கு, 1972-இல் தோன்றிய பிளாங்க்ஸ்டி குழுவின் ஆண்டி இர்வைன். காதால் கற்ற மெட்டு கையை விட்டுப் போவதில்லை.

செஷனுக்குப் போனால் முதல் சில வாரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். தெரியாத மெட்டில் சேர்ந்து தடவுவதைவிட அமைதியாக அமர்ந்திருப்பவரைத்தான் அங்கே மதிப்பார்கள்.

எதில் தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’. அயர்லாந்தின் மாலோ ஊரைப் பற்றிய பழைய மெட்டு, ஜி-யில் வாசிக்க மிக எளிது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் ‘வந்தே மீனாக்ஷி’ இதே மெட்டில் அமைந்தது. சங்கீதம் கற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது காதில் ஏற்கெனவே இருக்கும். அவர்கள் புத்தகத்தைத் தேடாமல் நேராகத் தந்தியில் விரல் வைக்கலாம்.