இரண்டு நாளில் ஒரு கேடயம்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

முன்னுரை

"ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்" என்பது நம் பாட்டிமார் வாக்கு. நாட்டைக் காக்கும் கருவிகளைச் செய்வோருக்கு இந்தப் பொறுமை மிகுதியாகவே வேண்டும். நம் நாட்டின் தேஜஸ் போர் விமானத் திட்டம் 1983-இல் தொடங்கியது. அவ்விமானம் முதன்முதலில் வானில் பறந்தது 2001-இல். விமானப்படையின் அணியில் சேர்ந்ததோ 2016-இல். அப்படியிருக்க, வெள்ளிக்கிழமை மாலை கூடி, ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பாதுகாப்புக்கான புதுக் கருவி ஒன்றை ஆக்கிக் காட்டும் போட்டிகள் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றன என்றால் வியப்பாக இல்லையா? அப்போட்டிக்கு ஹேக்கத்தான் என்று பெயர். இரண்டே நாளில் அங்கு என்ன விளைகிறது, என்ன விளைவதில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர் வந்த வரலாறு

கணினி வல்லுநர் விரைந்து வேலை முடிப்பதைக் குறிக்கும் 'ஹேக்' என்ற சொல்லும், நெடுந்தூர ஓட்டத்தைக் குறிக்கும் 'மாரத்தான்' என்ற சொல்லும் இணைந்து பிறந்ததே ஹேக்கத்தான். 1999-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடா நாட்டின் கால்கரி நகரில் பத்துப் பேர் ஒன்றாக அமர்ந்து, செய்திகளை மறைமொழியாக மாற்றும் மென்பொருளை எழுதினார்கள். அக்கூட்டத்திற்கே இப்பெயர் முதலில் வழங்கியது. அவர்கள் ஏன் கனடாவைத் தேர்ந்தார்கள்? மறைமொழி மென்பொருளை அமெரிக்கா நெடுங்காலம் போர்த் தளவாடம் போலவே கருதி, வெளிநாடு செல்லாமல் கட்டுப்படுத்தி வந்தது. ஆகவே, இச்சொல் பிறந்தபோதே பாதுகாப்புத் துறையின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது எனலாம்.

நடைபெறும் முறை

முதல் நாள் மாலை, படைத்துறையினர் தமக்குள்ள இடர்களை எடுத்துரைப்பர். ஆளில்லா விமானம் வருவதை முன்கூட்டியே அறிவது எப்படி? செயற்கைக்கோளின் வழிகாட்டல் தடைப்பட்டால் திசை அறிவது எப்படி? மண்ணில் புதைந்த கண்ணிவெடியைக் கண்டுபிடிப்பது எப்படி? இத்தகைய கேள்விகளில் ஒன்றை ஒவ்வொரு குழுவும் தேர்ந்தெடுக்கும். ஒருவர் நிரல் எழுதுவார்; ஒருவர் கம்பிகளைப் பற்றவைப்பார்; ஒருவர் படம் வரைவார். இறுதி நாளில் நடுவர் முன் அது இயங்க வேண்டும்.

அங்கே பிறப்பது முழுமையான கருவி அன்று. ஒரு மாதிரி மட்டுமே. பாலைவனப் புழுதியிலும், பனிமலைக் குளிரிலும், பகைவர் வானொலி அலைகளைக் குழப்பும் வேளையிலும் அது இயங்குமா என்று சோதிக்கப் பின்னர் பல மாதங்கள் வேண்டும். எனினும், 'இது முடியும்' என்ற நம்பிக்கை இரண்டு நாளில் பிறந்துவிடுகிறது.

குரோம்பேட்டையில் ஒரு வார இறுதி

இப்பெயர் தோன்றுவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் தமிழ்நாட்டில் இதுபோன்றதொரு நிகழ்ச்சி நடந்துள்ளது. 1950-களில் குரோம்பேட்டையிலுள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் அப்துல் கலாம் மாணவராக இருந்தார். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவரிடமும் அவருடைய தோழர் நால்வரிடமும் ஒப்படைக்கப்பட்டது. வேலை மந்தமாக நடப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில், திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்று எச்சரித்தார். கலாம் இரவு உணவையும் மறந்து வரைபலகையே கதியெனக் கிடந்தார். ஞாயிறன்று வேலை முடியும் தறுவாயில் பேராசிரியரே வந்து பார்த்துப் பாராட்டினார். இதைக் கலாம் அவர்களே தமது 'அக்னிச் சிறகுகள்' நூலில் கூறியுள்ளார். நெருக்கடியும் ஓர் ஆசான் என்பதற்கு இது சான்றன்றோ!

கதிரைக் கேட்டார்கள், கண் கிடைத்தது

விரைந்து செய்வது மட்டும் போதாது. சரியான கேள்வியைக் கேட்பதும் வேண்டும். 1935-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பகை விமானங்களை அழிக்கும் 'மரணக் கதிர்' ஒன்றை வானொலி அலைகளால் உண்டாக்க முடியுமா என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் வாட்சன் வாட் என்ற அறிவியலாரிடம் கேட்டனர். அவருடைய உதவியாளர் ஆர்னால்டு வில்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். கொல்லும் கதிர் முடியாது. ஆனால் விமானத்தின்மேல் பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு அதன் வருகையை அறியலாம் என்று விடை வந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் டேவன்ட்ரி என்ற ஊருக்கு அருகே இதைச் சோதித்துக் காட்டினர். பிரிட்டனின் ரேடார் இவ்வாறுதான் பிறந்தது. கொல்லும் கருவியைத் தேடியவர்களுக்குக் காக்கும் கண் கிடைத்தது!

செவியே கேடயம்

2022-இல் ரஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்த பின்னர், ஆளில்லா விமானங்கள் இரவில் தாழப் பறந்து வந்து ஊர்களைத் தாக்கின. தாழ வருபவற்றை ரேடார் எளிதில் காண்பதில்லை. ஆனால் அவற்றின் எஞ்சின் மொபெட் வண்டிபோல் உரக்கச் சத்தமிடும். உக்ரைனியப் பொறியாளர்கள் கம்பங்களில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அச்சத்தத்தைக் கேட்டறியும் வலையமைப்பை உருவாக்கினார்கள். ஒரு கருவியின் விலை 400 முதல் 500 டாலர் என்றும், ஏறத்தாழ 10,000 கருவிகள் நிறுவப்பட்டுள்ளன என்றும் 2024-இல் அமெரிக்க விமானப்படைத் தளபதி ஒருவர் தெரிவித்தார். வானில் சுட்டு வீழ்த்தும் பெரிய ஏவுகணை ஒன்றின் விலையோ பல கோடி ரூபாய்!

இதன் தத்துவம் நம் இயற்பியல் பாடத்தில் உள்ளதே. ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஓர் ஒலிவாங்கி கேட்ட ஒரு வினாடிக்குப் பின் மற்றொன்று கேட்டால், ஒலி எழுந்த இடம் இரண்டாவதற்கு 340 மீட்டர் கூடுதலான தொலைவில் உள்ளது என்று பொருள். இவ்வாறு பல ஒலிவாங்கிகளின் நேர வேறுபாட்டை ஒப்பிட்டால் விமானம் இருக்குமிடமும் செல்லும் திசையும் தெரியும்.

பெண்களின் பங்கு

1941-இல் பிரிட்டிஷ் போர் விமானங்கள் தலைகீழாகப் பாயும்போது எஞ்சினில் எரிபொருள் மிகுந்து நின்றுவிடும் குறை இருந்தது. பொறியாளர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண்மணி, துளையிட்ட சிறு உலோகத் துண்டு ஒன்றால் இக்குறைக்குப் பரிகாரம் கண்டார். தம் குழுவுடன் விமானத் தளங்களுக்கே சென்று அதைப் பொருத்தியும் கொடுத்தார்.

நம் நாட்டில் 2017 முதல் நடைபெறும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் கொண்ட ஒவ்வொரு குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்காக ஒருத்தி என்ற நிலை மாறி, அறுவரும் பெண்களாகவே சென்றால் என்ன?

ஒரு விவாதம்

இதைப்பற்றி எங்கள் வகுப்பில் பேச்சு எழுந்தபோது, "உயிரைப் பறிக்கும் கருவியைப் பரிசுக்காகப் போட்டியிட்டுச் செய்யலாமா?" என்று ஒரு தோழி கேட்டாள். உடனே, "எல்லையில் நிற்கும் என் அண்ணன் வெறுங்கையோடு நிற்க வேண்டுமா?" என்று மற்றொருத்தி கண்கலங்கக் கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது.

இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. மருந்து சுமக்கும் ஆளில்லா விமானம் குண்டும் சுமக்கும். இன்று கணினியே இலக்கைத் தேர்ந்து தாக்கும் நிலையும் நெருங்கியுள்ளது. எந்த இயந்திரமும் ஒரு மனித உயிரைப் பறிக்கத் தானே முடிவெடுக்கலாகாது என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2024 ஜூன் மாதம் இத்தாலியில் ஜி-7 நாடுகளின் தலைவர்கள் முன் வலியுறுத்தினார்கள். கடிகாரத்தோடு போட்டியிடும் இரண்டு நாளில் இதைச் சிந்திக்க யாருக்கும் நேரம் இராது. ஆதலால், 'இக்கருவி யாரைக் காக்கும்? தவறான கையில் சேர்ந்தால் என்ன செய்யும்? இறுதி முடிவு மனிதனிடம் உள்ளதா?' என்ற மூன்று கேள்விகளையும் வெள்ளிக்கிழமை மாலைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். நடுவர்களும் அவற்றுக்கு மதிப்பெண் வழங்க வேண்டும் என்பது என் கருத்து.

முடிவுரை

அன்புத் தோழியரே! சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து நகரங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் நம் மாநிலத்தில் அமைந்துள்ளது. நாளை நம்மில் சிலர் அங்குப் பணியாற்றக்கூடும். அன்று நம் கையில் கருவியும் இருக்கும். குறைந்த நேரமே இருக்கும். வில்கின்ஸ் போலக் கணக்கை நேர்மையாகப் போடவும், அத்தோழியைப் போலத் துணிந்து கேள்வி கேட்கவும், எல்லையில் நிற்கும் அந்த அண்ணனை மறவாதிருக்கவும் இன்றே பழகுவோம். அறிவும் அன்பும் இணைந்து செய்யும் கேடயமே நாட்டைக் காக்கும்!