செல்லுக்குள் நுழைந்த சாயம்

கேள்வி: உயிருள்ள செல்லின் உட்கருவை ஒளிர வைக்கும் சாயத்துக்கு ‘ஹெக்ஸ்ட் 33342’ என்று பெயர் வந்தது எப்படி? இந்த மாதிரிச் சாயங்களின் பூர்வீகம் எது?

பதில்: ஜெர்மனியில் பிராங்க்பர்ட்டை ஒட்டி இருந்த ஊர் ஹெக்ஸ்ட்; இன்று அது அந்நகரின் ஒரு பகுதி. 1863-இல் அங்கே துணிச்சாயம் தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி, பிறகு மருந்துத் தொழிலிலும் இறங்கியது. 33342 என்பது தன் சேர்மங்களுக்கு அது போட்ட வரிசை எண். சாயக் கம்பெனியில் சாயம் பிறந்ததில் என்ன வியப்பு என்று தோன்றும். ஆனால் இந்த வரிசைச் சேர்மங்கள் ஒட்டுண்ணிகளுக்கு மருந்து தேடிய வேலையில் கிடைத்தவை. ‘டேப்பி’ என்ற இன்னொரு உட்கருச் சாயமும் 1971-இல் ஓட்டோ டானின் ஆய்வகத்தில் தூக்க நோய்க்கு மருந்து தேடும்போது உருவானதுதான். குவினாக்ரினோ பழைய மலேரியா மாத்திரை. அதன் உறவுச் சேர்மத்தைக் கொண்டுதான் ஸ்வீடனின் காஸ்பர்சன் குரோமோசோம்களில் ஒளிரும் பட்டைகளைக் காட்டினார் (அது இறந்த செல்லில் என்றாலும்).

இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. இறந்த செல்லில் சவ்வு சிதைந்திருக்கும். எந்தச் சாயமும் உள்ளே போகும். உயிருள்ள செல்லோ வாசலிலேயே தடுக்கும். அந்த வாசலைத் தாண்டி, உள்ளே குறிப்பிட்ட ஒன்றைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறைத்தான் மருந்து தேடுபவர்களும் தேடினார்கள். ஹெக்ஸ்ட் சாயம் தண்ணீரில் மங்கலாகவே கிடக்கும். டி.என்.ஏ.வின் குறுகலான பள்ளத்தில், அடினினும் தைமினும் மிகுந்த இடம் பார்த்துப் பொருந்தியதும் ஏறத்தாழ 30 மடங்கு பிரகாசமாகிவிடும். புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழும். ஒட்டாமல் மிதக்கும் சாயம் மங்கலாகவே இருப்பதால் அதைக் கழுவி நீக்கும் வேலைகூடப் பெரும்பாலும் இல்லை. ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வை முடக்க உதவக்கூடிய அதே பிடிதான் இங்கே வெளிச்சமாகிறது.

உயிருள்ள செல்லுக்குள் நுழையும் இன்னொரு சாயமான ரோடமின் 123 மருந்துத் தேடலில் வரவில்லையே என்று கேட்கலாம். உண்மை, அது சாயக் குடும்பத்துப் பிள்ளை. நேர்மின் சுமை கொண்ட அது, உட்புறம் எதிர்மின் சுமையுள்ள மைட்டோகாண்ட்ரியாவில் தானாகப் போய்க் குவிவதை 1980-இல் பாஸ்டனில் லான் போ சென் குழு காட்டியது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அதே குழு, அது புற்றுச் செல்களைக் கொல்கிறது என்று வெளியிட்டது. இங்கே சாயம் மருந்தை நோக்கி நடந்தது. ரோஜர் சியன் 1985-இல் வெளியிட்ட கால்சியம் சாயமான ஃப்யூரா-2, திட்டமிட்டே வடிவமைக்கப்பட்டது என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஆனால் அதன் மின்சுமையை எஸ்டர் முகமூடியால் மறைத்து உள்ளே அனுப்பும் உத்தி, பென்சிலின் மருந்துகளில் முன்பே கையாளப்பட்டதுதான். முகமூடியைச் செல்லின் நொதிகளே கழற்றிவிடும். பிறகு சாயத்தால் எளிதில் வெளியேற முடியாது.