ஒரு சொல் கற்போம்: 'செட்டில்'



தமிழ் பேசும்போதே நாம் நாள்தோறும் சொல்கிற ஆங்கில வினைச்சொல் ஒன்று இருக்கிறது. "கடைக் கணக்க செட்டில் பண்ணிட்டேன்", "மூத்தவன் கொழும்புல செட்டில் ஆயிட்டான்", "அந்தச் சண்டைய தலைவர் செட்டில் பண்ணி வச்சாரு" என்கிறோம். சொல் ஒன்றுதான், பொருளோ மூன்று. பேச்சில் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு கடிதத்திலோ பத்திரத்திலோ இச்சொல் வரும்போது எந்தப் பொருளில் வருகிறது என்று தெரியாவிட்டால், காசும் காணியும் கையைவிட்டுப் போகக்கூடும். ஆகவே இச்சொல்லைச் சற்று விரிவாகப் படிப்போம்.

எழுத்தும் அடிப்படைப் பொருளும்

எழுத்துக்கூட்டு: எஸ், ஈ, டி, டி, எல், ஈ. இறந்த காலத்தில் கடைசியில் 'டி' சேரும்: செட்டில்ட்.

கலக்கின தேத்தண்ணியைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால் தூள் அடியில் போய்ப் படிகிறது. அதுவும் ஆங்கிலத்தில் 'செட்டில்' தான். அலைந்தது ஓரிடத்தில் நிலைபெறுவது என்பதே அடிப்படைப் பொருள். மற்றப் பொருள்களையெல்லாம் இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அலைந்த மனிதர் நிலைத்தால் குடியேற்றம். இழுபட்ட கடன் முடிந்தால் தீர்வு. இழுபட்ட வழக்கு முடிந்தால் முடிவு.

1. குடியேறுதலும் குடியேற்றுதலும்

தமிழில் 'குடியேறு' வேறு, 'குடியேற்று' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'செட்டில்' என்ற ஒரே சொல்தான். வசனத்தின் அமைப்பைப் பார்த்தே பிரித்தறிய வேண்டும்.

நம்மவர் வரலாற்றையே உதாரணமாக எடுப்போம். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்குப் போய்ச் சேர்ந்தன. கிளிநொச்சியின் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்களில் இன்றும் நம்ம சனம் நிறைய இருக்கிறது. வவுனியாவை மையமாகக் கொண்டு, வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் முன்னின்று நடத்திய காந்தியம் அமைப்பு, 1977க்குப் பின் அகதிகளாக வந்தவர்கள் பலரை வன்னிக் காணிகளில் குடியேற்றியது.

இப்போது மூன்று வசனங்கள்:

"வீ செட்டில்ட் இன் வவுனியா." (நாங்கள் வவுனியாவில் குடியேறினோம்.)
"காந்தியம் செட்டில்ட் அஸ் இன் வவுனியா." (காந்தியம் எங்களை வவுனியாவில் குடியேற்றியது.)
"வீ வெயார் செட்டில்ட் இன் வவுனியா." (நாங்கள் வவுனியாவில் குடியேற்றப்பட்டோம்.)

முதலாவதில் நாமாகப் போனோம். மூன்றாவதில் வேறொருவர் நம்மை இருத்தினார். 'வெயார்' என்ற ஒரு சொல் பொருளையே மாற்றிவிடுகிறது. விண்ணப்பம் எழுதும்போது உண்மையில் நடந்தது எதுவோ அதையே எழுத வேண்டும்.

காலத்தைக் காட்டுவதிலும் கவனம் தேவை. குடியேறிய ஆண்டுக்கு 'இன்' போடுங்கள்: "வீ செட்டில்ட் ஹியர் இன் 1977." அன்றிலிருந்து இன்றுவரை இருப்பதற்கு 'சின்ஸ்' போடுங்கள்: "வீ ஹேவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 1977."

இங்கே முக்கியமான ஒரு விஷயம். 'செட்டில்ட்' என்றால் குடியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். காணி நமக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி முதலில் பேமிட், அதாவது அனுமதிப்பத்திரம், கிடைக்கும். நிபந்தனைகளை நிறைவேற்றிய பிறகே அளிப்புப் பத்திரம். "அப்பா காலத்திலிருந்து இருக்கோமே" என்ற பேச்சு மட்டும் போதாது. முல்லைத்தீவு மாவட்டத்தில் டொலர் பாம், கென்ட் பாம் ஆகிய இடங்களில் குடியேறியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. குடியேறுவது ஒன்று, உரித்து வேறொன்று.

2. மீள்குடியேறுதல்

முன்னால் 'ரீ' சேர்த்தால் 'ரீசெட்டில்'. மறுபடி குடியேறுதல் என்பது பொருள். 2009இல் யுத்தம் முடிந்தபோது வன்னி மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வைக்கப்பட்டனர். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் முல்லைத்தீவு கேப்பாபுலவு மக்களும் இருந்தார்கள். அவர்களுடைய சொந்தக் காணிகள் இராணுவத்தின் வசம் இருந்தமையால் வேறிடத்தில் இருத்தப்பட்டார்கள்.

சொந்த ஊருக்கே திரும்புவது 'ரிட்டர்ன்'. வேறிடத்துக்கு மாற்றப்படுவது 'ரீலொகேட்'. 'ரீசெட்டில்' என்ற சொல் இரண்டையும் மூடிவிடக்கூடும். படிவத்தில் இச்சொல்லைக் கண்டால் "எந்தக் காணியில்?" என்று கேட்டபின் கையெழுத்து வையுங்கள்.

3. கணக்குத் தீர்த்தல்

"ஐ செட்டில்ட் த பில்." (பில் பணத்தைக் கட்டி முடித்தேன்.)

நம்ம முன்னோருக்கு இந்தப் பொருள் கசப்பானது. 1921இல் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு அது. கடன் 'செட்டில்' ஆகாமல் ஆள் நகர முடியாது.

இன்று இச்சொல் ஓய்வு பெறும்போது வருகிறது: "புல் அண்ட் பைனல் செட்டில்மெண்ட்". 'முழுவதும் தீர்ந்தது, இனி ஒன்றும் தரவேண்டியதில்லை' என்பது இதன் பொருள். கையெழுத்து வைக்குமுன் கணக்குப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேரும். 20 வருடம் என்றால் 20 × 14 = 280 நாள் சம்பளம். ஊழியர் சேமலாப நிதி இதற்குள் அடங்காது; அது தனி.

4. நிர்ணயித்தல்

1931ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் பெயரில் 'லேண்ட் செட்டில்மெண்ட்' என்று வருகிறது. இதைக் காணிக் குடியேற்றம் என்று எடுக்கக் கூடாது. காணி யாருக்கு உரியது என்று விசாரித்து முடிவு செய்வதே அது. தமிழில் 'காணி நிர்ணயம்'.

5. 'செட்டில் ஃபோர்'

பின்னால் 'ஃபோர்' வந்தால் பொருள் திரும்பிவிடும். "ஹீ செட்டில்ட் ஃபோர் லெஸ்" என்றால், கேட்டது கிடைக்காமல் குறைந்ததற்கு இணங்கினார் என்பதாகும்.

பயிற்சி

கீழேயுள்ள வசனங்களின் பொருளைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்திருந்து சொல்லிப் பாருங்கள்.

அ. "தே வெயார் ரீசெட்டில்ட் இன் 2010."
ஆ. "ஷீ செட்டில்ட் த லோன்."
இ. "மை பேரண்ட்ஸ் செட்டில்ட் இன் கிளிநொச்சி."
ஈ. "வீ வில் நாட் செட்டில் ஃபோர் ஹாஃப்."

விடை: அ. அவர்கள் 2010இல் மீள்குடியேற்றப்பட்டார்கள். ஆ. அவள் கடனைத் தீர்த்தாள். இ. என் பெற்றோர் கிளிநொச்சியில் குடியேறினார்கள். ஈ. பாதிக்கு நாங்கள் இணங்கமாட்டோம்.

நான்காவது வசனத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ளட்டும், ஒருநாள் உதவும். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், வாசிக்கத் தெரிந்த பிள்ளையை அருகில் இருத்தி இச்சொல் எங்கே வருகிறது என்று தேடச் சொல்லுங்கள். பொருள் தெளிவாகும்வரை பேனையை எடுக்க வேண்டாம்.