மேல்மலைக்குப் போகிறவர்களுக்கும் அங்கே நிலம் தேடுகிறவர்களுக்கும்

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால், ஒரு திருப்பத்தில் பூம்பாறை முழுவதும் கீழே தெரியும். பள்ளத்தில் ஒட்டி ஒட்டி வீடுகள், சுற்றிலும் படிப்படியாக இறங்கும் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் வயல்கள். இந்தக் காட்சிக்காகக் கார்கள் வருகின்றன, கார்களுக்குப் பின்னாலேயே நிலத் தரகர்களும் வருகிறார்கள். கூக்கால், மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி என்று மேல்மலைக் கிராமங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஊரை அழகாக வைத்திருப்பது அங்கே நடக்கும் விவசாயம். படி வயலில் வேலை நின்றுவிட்டால் கல் வரப்பு சரியும், மண் இறங்கும். பார்க்கப் போனாலும் பணம் போடப் போனாலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

• இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் அது கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். முடிந்தால் வார நாளில் போங்கள். மேல்மலைச் சாலை குறுகலானது. காய்கறி லாரியும் பள்ளிப் பிள்ளைகளின் பேருந்தும் அதே சாலையில்தான் வந்தாக வேண்டும்.

• தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு அங்கே தடை இருக்கிறது.

• பூண்டை விளைவித்தவரிடமே வாங்குங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பல்லைப் பிரித்தாலே காரமான மணம் தூக்கும், நீண்ட நாள் கெடாது. வழக்கமாக இது மலையிறங்கி, பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குப் போய் விலை படியும். ஏற்றுக்கூலி, தரகு எல்லாம் கழித்துத்தான் விவசாயி கைக்குக் காசு வரும். நீங்கள் ஊரிலேயே இரண்டு கிலோ வாங்கினால் அந்தப் பணம் நேராக அவருக்குச் சேரும். பேரம் பேச வேண்டாம் என்பது என் வேண்டுகோள். விதைப் பூண்டு, உரம், கூலி என்று முதல் போட்டவர் அவர்.

• பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போனால் ஊர் வழக்கத்தைக் கேட்டு நடங்கள். தேர்த் திருவிழா அந்த ஊரின் பெரிய நாள். தெரு சரிவு என்பதால் தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டி, ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் பிடித்து நிறுத்துவார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு வடத்துக்கு நடுவே நுழைந்தால் ஆபத்து உங்களுக்கு மட்டுமில்லை.

• பணம் போடுவதாக இருந்தால் முதலில் ஊர்க்காரரோடு கூட்டாகப் போட முடியுமா என்று பாருங்கள். இருக்கிற வீட்டில் இரண்டு அறையைச் சீர்படுத்தி, கழிப்பறைக்குச் சரியான செப்டிக் டேங்க் கட்டி, சுற்றுலாத் துறையில் பதிவு செய்து நடத்துவது ஒரு வழி. பூண்டுக்கு நல்ல கிடங்கு, தரம் பிரித்துப் பையிலிட்டு விற்கும் ஏற்பாடு இன்னொரு வழி. வயல் வயலாகவே இருக்கும், பட்டாவும் அவர்கள் பெயரிலேயே இருக்கும். ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, வருமானப் பங்கையும் காலக்கெடுவையும் தெளிவாகப் போட்டு, வீட்டுப் பெண்களையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். வந்தவர்களுக்குச் சமைப்பதும் அறையைப் பெருக்குவதும் பெரும்பாலும் அவர்கள் தலையில்தான் விழும்.

• நிலமேதான் வேண்டும் என்றால் பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புலப்படம், முப்பது வருட வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வாங்கி, மலைப் பகுதி தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டுங்கள். நிபந்தனைப் பட்டாவா, ஓடைப் புறம்போக்கு சேர்ந்திருக்கிறதா, வன எல்லை எங்கே வருகிறது என்று பாருங்கள். 1990இல் ஏற்படுத்தப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், கட்டடத்துக்கு அந்த அனுமதியும் வேண்டும். பத்திரம் பதிவானாலே வீடு கட்டலாம் என்று தரகர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

• வரப்பில் நின்று படம் எடுக்காதீர்கள். பூண்டுப் பாத்தியில் மிதித்த கால்தடம் ஒவ்வொன்றும் ஒரு செடி.

• காட்டுமாடு நின்றால் கிட்டே போகாதீர்கள், ஹாரன் அடிக்காதீர்கள், தின்ன எதையும் போடாதீர்கள். மேய்வதால் சாதுவாகத் தெரியும், மிரண்டால் ஆளைத் தூக்கி எறியும்.

• போதைக்காளான் எங்கே கிடைக்கும் என்று ஊர்ப் பையன்களிடம் கேட்காதீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வரும் குற்றம். கேட்டவர் ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கிவிடுவார். பறித்துக் கொடுத்த பையன் மேல் வழக்கு நிற்கும்.

• அனுமதியில்லாத கூடாரங்களில் தங்காதீர்கள். வழுக்கும் சரிவு, காட்டு விலங்கு, கழிப்பறையே இல்லாத இடம். அங்கே சேரும் கழிவு நேராக ஓடைக்குத்தான் போகும். பழனி மலையில் விழும் மழை ஒரு பக்கம் வைகைக்கும் இன்னொரு பக்கம் அமராவதிக்கும் இறங்குகிறது. கீழே குடிக்கிறவர்கள் நிறையப் பேர்.

• பொக்லைனை இறக்கி மலையை வெட்டிச் சமதளம் பண்ணாதீர்கள், கேட்காமல் போர் போடாதீர்கள். இரண்டுக்கும் அனுமதி வேண்டும். சரிவின் அடியை வெட்டினால் மேல்வயல்காரரின் மண் அடுத்த மழையில் உங்கள் முற்றத்துக்கு வரும்.

• 'கட்டிவிட்டால் பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம்' என்ற பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். அனுமதிக்கு மேல் மாடிகளை எழுப்பிய ஒரு கொடைக்கானல் ஹோட்டலை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குப் போட்டது. அது 1995இல் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, ஹோட்டல் தரப்பு தோற்றது. ஆட்சியின் ஆதரவு இருந்தும் அந்த மாடிகள் சட்டப்படி நிற்கவில்லை. மாதாமாதம் நிச்சய வருமானம் என்று சொல்லி காட்டேஜில் சதுர அடிக் கணக்கில் பங்கு விற்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, கட்டட அனுமதி எண்.

• 2030ஐ நம்பி இப்போதே அறைகள் கட்டத் தொடங்காதீர்கள். குறிஞ்சி 2018இல் பூத்தது, பன்னிரண்டு வருடக் கணக்கில் அடுத்தது 2030. கூட்டம் வரும், ஆனால் சில மாதங்களுக்குத்தான். அந்தப் பருவத்துக்கு ஊரில் ஏற்கெனவே உள்ள வீட்டு அறைகளை முன்கூட்டியே பேசி, பாதி வாடகையை முன்பணமாகக் கொடுத்து வையுங்கள். அந்தப் பணத்தில் அவர்கள் கூரையை மாற்றிக்கொள்வார்கள், கழிப்பறையைச் சரிசெய்துகொள்வார்கள்.