காசு என்று நினைத்தோம்

சென்ற ஆண்டு நம் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே எழுதுகிறோம். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் அந்தப் பொருள் நம்மில் பலருடைய கல்லாவிலும் கிடக்கிறது என்பதால் சும்மா இருக்க மனம் வரவில்லை.

நமது கடை லிட்டில் இந்தியாவில் இருக்கிறது. ஏலம், கிராம்பு, குங்குமப்பூ நிறுக்க உள்ளங்கை அளவில் ஒரு மின்தராசு வைத்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின் கூட்டம் நெருக்கும் நேரத்தில் அது அணைந்துவிட்டது. அவசரமாகப் புதுப் பாட்டரி போட்டு, பழையதைக் கல்லாவின் சில்லறைக் கிண்ணத்தில் போட்டோம். அன்று நம் வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார்கள். இரண்டு வயது இளையவனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். சற்றைக்கெல்லாம் மூத்த மகள், "அத்தா, தம்பி காசை முழுங்கிட்டான்!" என்று கத்தினாள்.

பிள்ளை இருமினான், கொஞ்சம் எச்சில் வடித்தான், பிறகு சிரித்தான். மூச்சு நன்றாகவே இருந்தது. பக்கத்துக் கடைப் பெரியவர், "வாழைப்பழம் கொடுங்க தம்பி, காலையில வெளியே வந்துடும்" என்றார். நம் தாய்மாரும் அப்படித்தானே செய்து வந்தார்கள்! பழத்தை உரித்தும் விட்டோம். அப்பொழுதுதான் சில்லறைக் கிண்ணம் கண்ணில் பட்டது. அதில் எத்தனை காசு இருந்தது என்பது நமக்குத் தெரியாது. ஆனால் பழைய பாட்டரி அங்கே இல்லை. கல்லாவைக் கவிழ்த்தோம், தரையில் தவழ்ந்து தேடினோம். எங்கும் இல்லை.

பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கல்லாப் பெட்டி திறந்தபடியே கிடந்தது பின்னர்தான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். காசாயிருந்தால் ஒரே வட்டமாகத் தெரியுமாம். இதிலோ வட்டத்துக்குள் இன்னொரு வட்டம். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியே குழாய் விட்டு எடுத்தார்கள். விழுங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் உணவுக்குழாயின் உட்புறம் வெந்திருந்தது. சில நாட்கள் மூக்கில் விட்ட குழாய் வழியாகத்தான் பால். இறையருளால் இன்று சோறு உண்கிறான். காரம் கேட்டு அழவும் செய்கிறான்.

பாட்டரியிலிருந்து திராவகம் ஒழுகித்தான் புண்ணாகும் என்று நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. தட்டையான பாட்டரி தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், எச்சிலின் ஈரமே மின்சாரம் ஓட வழியாகிவிடுகிறது. பாட்டரியின் எதிர்முனைப் பக்கத்தில் சலவைக் காரத்தைப் போன்ற கடுங்காரம் உண்டாகி, தொட்டிருக்கும் சதையைக் கரைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணாகிவிடக்கூடும். தராசை ஓட்டச் சக்தியற்றது என்று நாம் ஒதுக்கிய பாட்டரிக்குச் சதையைச் சுடச் சக்தி மிஞ்சியிருந்தது! மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டாலும் இதே கதிதான்.

காசென்று ஏமாந்ததற்கும் காரணம் உண்டு. 2032 என்று பொறித்த பாட்டரியின் குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். சிங்கப்பூரில் 2013ல் வந்த புதுப் பத்துக் காசு 18.5 மில்லிமீட்டர், இருபது காசு 21. இரண்டுக்கும் நடுவே இது. ஆகவே பிள்ளை எதை விழுங்கினான் என்று உறுதியாகத் தெரியாவிடில் பாட்டரி என்றே கொள்ள வேண்டும்.

விழுங்கியதை யாரும் பார்க்காமல் போவதுதான் இதைவிடக் கொடியது. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று ரிமோட்டிலிருந்த பாட்டரியை விழுங்கியது. முதலில் சளி, தொண்டை வீக்கம் என்றே கருதப்பட்டது. 2020 டிசம்பரில் குழந்தை இறந்துபோயிற்று. அதன் தாயார் ஓயாமல் போராடியதன் பயனாக 2022 ஆகஸ்டில் அக்குழந்தையின் பெயராலேயே ரீஸ் சட்டம் என்று ஒன்று அங்கே வந்தது. பாட்டரி அறையைக் குழந்தை திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு ஜூனில் இத்தகைய விதிகள் கட்டாயமாகிவிட்டன.

எச்சில் வடிதல், சாப்பிட மறுத்தல், இருமல், வாந்தி ஆகியவை அறிகுறிகள். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கலாகாது. பழம், சோறு, தண்ணீர் எதுவும் கூடாது. ஒன்று மட்டும் விலக்கு: ஒரு வயது நிறைந்து, விழுங்கும் சக்தியும் உள்ள பிள்ளையானால், வழியிலேயே பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் பாட்டரியைச் சூழ்ந்து புண்ணின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2018ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் ஆகாது. தேனைத் தேடி நேரத்தைப் போக்கவும் கூடாது. நம் கடை அலமாரியில் அன்று தேன் போத்தல்கள் வரிசையாக நின்றன, நமக்குத்தான் தெரியவில்லை.

நம் வட்டாரத்தாருக்குப் புக்கிட் தீமா சாலையிலுள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை மிக அருகில். குழந்தைகளுக்கான அவசரச் சிகிச்சை இரவும் பகலும் உண்டு. ஆம்புலன்சுக்கு எண் 995.

பிள்ளை வீடு திரும்பிய பின், கடையிலிருந்த ஒளிரும் பம்பரம், விளக்கு மோதிரம், சாவிக்கொத்து விளக்கு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றையும் இறக்கி, நகத்தால் மூடி திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். திருகாணி போட்டவை சில. நகத்தால் திறந்தவை ஒரு பெட்டி நிறைய! மொத்த வியாபாரி திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். "விலையைக் குறைச்சுத் தள்ளிவிடுங்க பாய், முதலாவது தேறும்" என்றார் கூட்டாளி. கணக்குப்படி அவர் சொன்னது சரிதான். நாமோ பாட்டரிகளைக் கழற்றி, இருபுறமும் டேப் ஒட்டி, மின்கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு, முழு விலையையும் நம் பங்கில் நஷ்டமாகப் பேரேட்டில் எழுதினோம். தராசின் பழைய பாட்டரிகளுக்கு இப்பொழுது அழுத்தித் திருகும் மூடியுள்ள ஒரு போத்தல், மேல் தட்டில் இருக்கிறது.