வரப்பிலேயே எழுதுவோம்: பண்ணைக் குறிப்புக்கு ஒரு டேப்



என் தலைகுனிவு ஒன்றைச் சொல்லித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. மன்னார்குடி பக்கம் 9 மா நிலத்தில், அதாவது சுமார் 3 ஏக்கரில், பாரம்பரிய நெல் செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவில் பி.ஜி.எஸ். சான்றுக்கான பார்வை நடந்தது. பி.ஜி.எஸ். என்றால் பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது 5 உழவர்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் பார்த்து, பேசி முடிவு செய்வது. அதிகாரியை ஏமாற்றலாம், கூட வேலை செய்யும் உழவரை ஏமாற்ற முடியாது.

என் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதியது. ஒரே பேனா, ஒரே மை. குழுவில் மூத்தவர் ஒருவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இந்தத் தேதியில பஞ்சகவ்யா அடிச்சதா எழுதியிருக்கீங்க. அன்னைக்குத்தான் எங்க வீட்டு நிச்சயதார்த்தம். பந்தலுக்குள்ள தண்ணி கொட்டுச்சு. அந்த மழையிலயா அடிச்சீங்க?"

பதில் இல்லை. அடுத்த கேள்வி இன்னும் கஷ்டம். "கிழக்கு வரப்புக்காரர் களைக்கொல்லி அடிச்சாரே, அன்னைக்கு மடையைக் கட்டினீங்களா?" கட்டினேன், சத்தியமாகக் கட்டினேன். ஆனால் என்றைக்கு என்று சொல்ல முடியவில்லை. ஒரு பொய்த் தேதி பத்து உண்மையையும் சந்தேகத்துக்குரியதாக்கிவிட்டது. அந்தத் துண்டுக்கான சான்று தள்ளிப்போனது. அந்தப் போக நெல்லைச் சாதாரண நெல் விலைக்குத்தான் போட்டேன். தப்பு என்னுடையது.

நோட்டு ஏன் தோற்றது?

நோட்டு மேல் குற்றமில்லை. அது வீட்டில் இருக்கிறது, வேலை வயலில் நடக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பகல் ஓடிவிடுகிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டுச் சாயும்போது, "நாளைக்கு எழுதிக்கலாம்" என்று தோன்றும். நான்கு நாள் ஆனால் எந்தத் துண்டில் எத்தனை டேங்க் அடித்தோம் என்பது கலங்கிப் போகும்.

கொரோனா காலத்தில் மகளின் பள்ளிப் பாடத்துக்காக வாங்கிய 8 அங்குல டேப் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதைத் துணிப்பையில் போட்டு வயலுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தேன். போனிலேயே எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் 45 வயசுக்கு மேல் சின்னத் திரையில் தமிழ் எழுத்தைத் தேடித் தட்டுவது பாடு. அதோடு, போனை எடுத்தால் அழைப்பும் வாட்ஸப்பும் கூடவே வருகின்றன. என் டேப்பில் சிம் இல்லை. அதில் எழுத்தும் படமும் மட்டும்தான்.

தமிழில் எழுதும் வழி

மூன்று வழி உண்டு. முதலாவது, தமிழ்99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்ற முறை இது. இடப்பக்கம் உயிர், வலப்பக்கம் மெய். 'ந' தட்டி 'எ' தட்டினால் 'நெ' வரும். 'க' இரண்டு முறை தட்டினால் 'க்க' என்று புள்ளி தானே விழும். செல்லினம் செயலியில் இது இருக்கிறது. முதல் வாரம் தடுமாற்றம், மூன்றாவது வாரம் கை தானாகப் போகும்.

இரண்டாவது, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக வர வைப்பது. பழகியவர்களுக்குச் சுலபம்.

மூன்றாவது, பேசி எழுதுவது. கூகுள் விசைப்பலகையில் 2017இல் இருந்து தமிழ்க் குரல் வசதி இருக்கிறது. சேற்றுக் கையோடு நிற்பவருக்கு இது வரம். ஆனால் மோட்டார் ஓடும் இடத்தில் வேண்டாம். ரகப் பெயரையும் கரைசல் பெயரையும் அது அடிக்கடி தப்பாக எழுதும், ராத்திரி ஒரு முறை பார்த்துத் திருத்த வேண்டும். இணையம் இருந்தால்தான் எனக்கு இது சரியாக வேலை செய்கிறது. அதனால் டவர் கிடைக்காத வயலுக்குத் தட்டச்சையும் பழகி வையுங்கள். குறிப்புக் கோப்பையும் இணையம் இல்லாமல் திறக்கும்படி வீட்டிலேயே குறித்துக் கொள்ளுங்கள்.

ஐந்து வரிக் கணக்கு

நீளமாக எழுத ஆசைப்பட்டால் நான்காம் நாள் நின்றுவிடும். நான் ஐந்து வரிதான் எழுதுகிறேன்:

1. தேதி, நேரம், வானிலை.
2. எந்தத் துண்டு, என்ன ரகம், நட்டு எத்தனையாவது நாள்.
3. என்ன பார்த்தேன்.
4. என்ன செய்தேன், எவ்வளவு அளவு, யார் செய்தார்கள்.
5. அடுத்து எப்போது பார்க்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: "ஐப்பசி 12, காலை 7.15, மூட்டம். கிழக்குத் துண்டு, தூயமல்லி, 24ஆம் நாள். வேம்பு நிழல் பக்கம் இலைச்சுருட்டுப் புழு, பத்துக் குத்தில் மூணுல சுருள். ஐந்திலைக் கரைசல் அடித்தோம், நானும் தம்பியும். நாலு நாள் கழித்துப் பார்க்கணும்."

கரைசல் என்றால் அளவையும் எழுதுங்கள். ஜீவாமிர்தம் என்றால் 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ என்பது பொதுவான கணக்கு. நாம் அன்று போட்டது அதுதானா, வெல்லம் குறைந்ததா என்பதுதான் குறிப்பு. புத்தகத்தில் இருப்பதை எழுத வேண்டாம், நம் டிரம்மில் இருந்ததை எழுதுவோம்.

கூடவே ஒரு படம். படக் கோப்புக்குள் எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும். தேதியை மாற்ற முடியாதா என்று கேட்டால், முடியும். ஆனால் நாள் தவறாமல் வரும் நூறு குறிப்பைப் பொய்யாகச் செய்வதைவிட உண்மையாக எழுதுவது சுலபம்.

குறிப்பு எனக்குச் சொன்ன பாடம்

சான்றுக்காகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு சம்பா முடிந்து, "இலைச்சுருட்டு" என்ற சொல்லைக் கோப்பில் தேடினேன். வந்த குறிப்புகளில் பெரும்பாலானவற்றில் "வேம்பு நிழல்" என்று நானே எழுதியிருக்கிறேன்! நிழலான இடத்தில் இந்தப் புழு கூடும் என்று கூட்டத்தில் கேட்டதுதான். என் வயலில் அது கண்ணுக்கு முன்னால் நடந்தும், துண்டு துண்டாகப் பார்த்ததால் தெரியவில்லை. மரத்தை வெட்டவில்லை. வயல் பக்கம் சாய்ந்த கிளையை மட்டும் கழித்து ஆட்டுக்குப் போட்டேன், அந்த ஓரத்தில் பறவைத் தாங்கிகள் நட்டேன். அடுத்த போகம் அந்த ஓரத்தில் தெளிப்பு குறைந்தது. நோட்டில் இருந்திருந்தால் இந்தத் தேடல் நடந்திருக்காது.

இதே குறிப்புகளை ஒரு மழைநாளில் வரிசைப்படுத்தினால் ஒரு கட்டுரை ஆகிவிடும். "எழுத வராதுங்க" என்று சொல்லும் உழவர் பலர். எழுத வராமல் இல்லை, கையில் குறிப்பு இல்லை. தேதியும் அளவும் இருந்தால் பாதி கட்டுரை முடிந்த மாதிரி.

கவனிக்க வேண்டியவை

வெயில் டேப்புக்கு ஆகாது. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வேலை வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி. நம் சித்திரை வெயில் அதைத் தாண்டும். மரநிழலில் எடுங்கள், வண்டிப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஈரக் கைக்குத் திரை சரியாகக் கேட்காது. துண்டில் துடைத்துவிட்டுத் தொடுங்கள். மழைநாளில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் போட்டாலும் மேலிருந்தே தட்டலாம். பளபளப்புத் திரைக்கு மங்கலான ஒட்டுத்தாள் போட்டால் கண் கூசாது.

இதற்காகப் புது டேப் வாங்கக் கடன்பட வேண்டாம். வீட்டில் கிடக்கும் பழையது போதும். வாரம் ஒரு முறை இணையத்தில் ஒரு படி சேமியுங்கள். டேப் மடையில் விழுந்தால் இரண்டு வருஷ உழைப்பும் சேர்ந்து விழும். மாதம் ஒரு முறை முக்கியமானதை நோட்டில் எடுத்தெழுதி, குழுவில் கையொப்பம் வாங்குங்கள்.

போன முறை பார்வைக்கு அதே மூத்தவர் வந்தார். "வரப்புக்காரர் எப்ப அடிச்சார்?" என்றார். தேதியையும், மடை கட்டிய படத்தையும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதை எனக்கும் சொல்லிக் குடுங்க தம்பி" என்றார். இப்போது அவர் பேரனின் டேப்பில் எழுதுகிறார்.

அடுத்த முறை தெளிப்பானை இறக்கி வைத்ததும், வரப்பில் உட்கார்ந்து ஐந்து வரி எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.