ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததா?

எமது நாட்டில் 2017ஆம் ஆண்டு முதல் தரம் 6இல் கற்கும் மாணவியருக்குப் பாடசாலையில் ஒரு தடுப்பூசி ஏற்றப்படுகிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் மனிதப் பப்பிலோமா வைரசுக்கு எதிரான தடுப்பூசி அது. ஊசி ஏற்றும் நாளுக்கு முன்னர் பெற்றோரின் சம்மதம் கேட்டு ஒரு தாள் வீட்டுக்கு வரும். அந்தத் தாள் வந்ததிலிருந்து வட்ஸ்அப்பிலும் கலியாண வீடுகளிலும் கேள்விகள் தொடங்கிவிடும். "இதைப் போட்டால் பிற்காலத்தில் பிள்ளை உண்டாகாதாமே?" "யப்பானில் நிறுத்திவிட்டார்களாமே?" "ஹராமான பொருள் கலந்திருக்கிறதாமே?"

நான் உயர்தரத்தில் உயிரியல் கற்பதால் இக்கேள்விகள் என்னிடமும் வருகின்றன. பெற்ற பிள்ளையின் உடம்பில் ஒரு மருந்தை ஏற்றும்போது தாய் கேள்வி கேட்பது அவளது உரிமை. "பயப்பட வேண்டாம்" என்று சொல்லி அவளை அனுப்பிவிடுவது விடையாகாது. ஒரு தடுப்பூசி பாதுகாப்பானதா என்பதை எவ்வாறு ஆராய்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டால், கேட்பவரே விடையைக் கண்டுகொள்ளலாம். அந்த நோக்கத்திலேயே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நாம் மறந்துபோன நோய்கள்

இலங்கையில் விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்பு நிகழ்ச்சித்திட்டம் 1978இல் ஆரம்பிக்கப்பட்டது. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வருவதும், கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துப் பதிவேட்டில் புள்ளி வைப்பதும், உரிய மாதத்தில் ஊசி ஏற்றுவதும் இன்று எமக்குச் சாதாரண விடயங்கள். இதன் பயனாக இலங்கையின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் பதிவானார். சின்னமுத்து நோய் இலங்கையிலிருந்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார தாபனம் 2019இல் அறிவித்தது. ஆனால் 2023இல் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியது. ஒழிக்கப்பட்ட நோயும் ஊசி ஏற்றாத பிள்ளைகளைத் தேடிக்கொண்டு திரும்பி வரும் என்பதை அவ்வருடம் எமக்குக் காட்டியது.

தடுப்பூசி வெற்றி பெறும்போது நோய் கண்ணில் படாமல் போகிறது. நோய் மறைந்தபின் மக்களின் கண்ணுக்குத் தெரிவது ஊசியும் அதனால் வரும் காய்ச்சலும் மட்டுமே. அதனால்தான் ஒரு நிகழ்ச்சித்திட்டம் வெற்றியடைந்த நாடுகளில் ஊசியைப் பற்றிய பயம் கூடுகிறது.

பின்னால் வந்ததும் காரணமாக வந்ததும்

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு நாட்டில் 52,000 மாணவியர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குறிப்பிட்ட நோய், ஊசிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமலே, அந்த வயதில் வருடத்துக்கு 1,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. அப்படியானால் வருடத்தில் 52 மாணவியருக்கு, அதாவது சராசரியாக வாரத்துக்கு ஒருவருக்கு அந்நோய் வரும். இப்போது ஒரே வாரத்தில் எல்லோருக்கும் ஊசி ஏற்றுகிறோம். அடுத்த வாரத்திலும் அந்த ஒருவர் நோயுறுவார். ஊசியில் மருந்துக்குப் பதில் வெறும் நீர் இருந்திருந்தாலும் அவர் நோயுற்றிருப்பார். ஆனால் அவருடைய தாய்க்கு, "ஊசி போட்டு மூன்றாம் நாள் என் மகள் விழுந்துவிட்டாள்" என்பது கண்ணால் கண்ட உண்மை. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது நிகழ்வுகளின் வரிசை. காரணத்தை அறிய வேறொரு தகவல் தேவை: ஊசி ஏற்றாத மாணவியரில் எத்தனை பேருக்கு அதே நோய் வந்தது?

தடுப்பூசிப் பாதுகாப்பு ஆய்வுகளின் அடிப்படை இந்த ஒப்பீடுதான். ஊசி ஏற்றியவர்களில் நோய் கூடுதலாக இருந்தால் ஊசியைச் சந்தேகிக்க வேண்டும். இரு பக்கமும் சமமாக இருந்தால் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும்.

யப்பானில் நடந்தது

யப்பான் 2013 ஏப்ரலில் இத்தடுப்பூசியைத் தனது தேசிய நிகழ்ச்சித்திட்டத்தில் சேர்த்தது. ஊசி ஏற்றிய சில மாணவியருக்கு உடல்வலி, தலைவலி, நடப்பதில் சிரமம் போன்றவை வந்ததாகச் செய்திகள் பரவின. இரண்டே மாதங்களில், ஜூன் மாதத்தில், அரசாங்கம் இத்தடுப்பூசியைத் தான் முன்வந்து பரிந்துரைப்பதை நிறுத்திக்கொண்டது. "யப்பானில் நிறுத்திவிட்டார்கள்" என்ற பேச்சின் மூலம் இதுதான். உண்மையில் ஊசி தடை செய்யப்படவில்லை; விரும்பியவர்கள் தொடர்ந்து இலவசமாகப் பெறக்கூடியதாக இருந்தது. ஆயினும் அதற்கு முன் சுமார் 70 சதவீதமாக இருந்த ஏற்றல் வீதம் 1 சதவீதத்துக்கும் கீழே சரிந்தது.

பின்னர் நகோயா நகரம், நான் மேலே சொன்ன அதே கேள்வியைக் கேட்டது. அந்நகரின் இளம்பெண்களில் சுமார் 30,000 பேரிடம் 24 வகையான அறிகுறிகள் பற்றி விசாரிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவின்படி, ஊசி ஏற்றியவர்களில் அந்த அறிகுறிகள் கூடுதலாகக் காணப்படவில்லை. டென்மார்க்கிலும் சுவீடனிலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுமியரின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டு 2013இல் வெளியான ஆய்வும், நரம்பு நோய்களுக்கோ குருதி உறைதலுக்கோ ஊசி காரணம் என்பதற்குச் சான்றில்லை எனக் கூறியது. மலட்டுத்தன்மை பற்றிய பயத்துக்கும் ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை. யப்பான் அரசாங்கம் 2022 ஏப்ரலில் தனது பரிந்துரையை மீண்டும் தொடங்கியது. ஆனால் இடையில் கடந்த ஏறத்தாழ ஒன்பது வருடங்களில் ஊசியின்றி வளர்ந்துவிட்ட பெண்களுக்கு அந்தக் காலம் திரும்பி வராது.

உண்மையான பாதிப்பு வந்தால்?

எந்தத் தடுப்பூசியாலும் எப்போதும் தீங்கு வராது என்று நான் எழுதினால் அது நேர்மையாகாது. ஐக்கிய அமெரிக்காவில் 1998இல் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரோட்டா வைரசுக்கு எதிராக ரோட்டாஷீல்ட் என்ற சொட்டுமருந்து அனுமதிக்கப்பட்டது. அதைப் பெற்ற சில குழந்தைகளின் குடல் ஒரு பகுதிக்குள் மறுபகுதி செருகிக்கொண்டது. முறைப்பாடுகள் சேர்ந்தன, ஒப்பிட்டுப் பார்த்தார்கள், சுமார் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு இந்த ஆபத்து உண்டெனக் கண்டார்கள். 1999இலேயே அம்மருந்து மீளப்பெறப்பட்டது. அதன் பின் வந்த புதிய ரோட்டா தடுப்பு மருந்துகள் இரண்டும் ஒவ்வொன்றும் 60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளில் பரிசோதிக்கப்பட்ட பின்னரே பாவனைக்கு வந்தன.

எமது நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. 2008இல் அறிமுகமான ஐங்கூட்டுத் தடுப்பூசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததாக அறிவிக்கப்பட்டபோது, 2009இல் அதன் பாவனை இடைநிறுத்தப்பட்டது. அக்காலத்தில் பிள்ளைகளுக்குப் பழைய ஊசிகள் ஏற்றப்பட்டன. உள்நாட்டு, வெளிநாட்டு நிபுணர்கள் விசாரித்த பின்னர் 2010இல் ஐங்கூட்டு மீண்டும் சேர்க்கப்பட்டது. ஊசியின் பின் ஏற்படும் பாதகமான நிகழ்வுகளைக் கண்காணிக்கும் முறை இலங்கையில் 1996 முதல் உள்ளது. நிறுத்துவதற்கும் விசாரிப்பதற்கும் தயாராக இருக்கும் ஒரு முறையையே நாம் நம்பலாம்.

பப்பிலோமா ஊசியால் வரக்கூடியவை எவை? ஏற்றிய இடத்தில் நோவும் வீக்கமும் பலருக்கு வரும். சிலருக்குத் தலையிடியோ காய்ச்சலோ வரலாம். பயத்தினால் சில மாணவியர் மயங்கி விழுவதும் உண்டு. அதனால் இருக்கச் செய்துதான் ஊசி ஏற்றவேண்டும், ஏற்றிய பின்னும் சற்று நேரம் இருக்கவைக்கவேண்டும். கடுமையான ஒவ்வாமை 10 இலட்சம் ஊசிகளில் இரண்டுக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. அதற்கு உடனே சிகிச்சை அளிக்கவும் முடியும்.

ஹலாலும் ஹயாவும்

எமது சமூகத்துக்கே உரிய இரண்டு கேள்விகளை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. முதலாவது, ஜெலட்டின். சில தடுப்பூசிகளில் பன்றியிலிருந்து பெற்ற ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்மை. 1995இல் குவைத்தில் கூடிய உலமாக்களும் மருத்துவ அறிஞர்களும் இதை ஆராய்ந்து, ஒரு பொருள் தன் இயல்பு முற்றாக மாறி வேறு பொருளாகிவிட்டால், அதாவது இஸ்திஹாலா அடைந்தால், அதன் சட்டமும் மாறும் என்ற அடிப்படையில் அதை அனுமதித்தனர். பாடசாலையில் ஏற்றப்படும் பப்பிலோமா ஊசியிலோ ஜெலட்டினே இல்லை. மதுவக் கலங்களில் உற்பத்தியாக்கப்படும் ஒரு புரதமே அதன் முக்கிய பகுதி. வைரசின் மேலுறை போன்ற அந்தக் கோளத்தினுள் வைரசின் டீ.என்.ஏ. இல்லாததால், ஊசியிலிருந்து நோய் தொற்ற வழியில்லை. உடல் அந்த உறையைப் பிறபொருளாக அடையாளங்கண்டு, பிறபொருளெதிரிகளை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. ஹஜ்ஜுக்குச் செல்லும் எமது மூத்தும்மாமார் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றாமல் சவூதி விசா பெற முடியாது என்பதையும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

இரண்டாவது கேள்வியைச் சத்தமாகக் கேட்கமாட்டார்கள். "எங்கள் பிள்ளைகள் ஒழுக்கமாக வளர்பவர்கள். அவர்களுக்கு எதற்கு இந்த ஊசி?" இவ்வைரசு நெருங்கிய உறவின் மூலம் பரவுவது உண்மை. ஆனால் ஹலாலான திருமண வாழ்விலும் அது பரவும். எந்த அறிகுறியுமின்றிப் பல வருடங்கள் உடலில் இருக்கும், வைத்திருப்பவருக்கே தெரியாது. மனைவியை இழந்து மறுமணம் செய்யும் ஒரு நல்ல மனிதரிடமிருந்தும் அது புது மனைவிக்கு வரலாம். ஒரு பெண்ணின் ஒழுக்கத்துக்கு இந்த நோய் சாட்சியாகாது. அப்படி நினைப்பதனால்தான் நோயுற்ற பெண்கள் வெட்கப்பட்டு, வைத்தியரிடம் காலம் தாழ்த்திப் போகிறார்கள். வைரசைச் சந்திப்பதற்கு முன்னரே ஏற்றினால்தான் ஊசி முழுப்பயன் தரும் என்பதாலேயே சிறுவயது தெரிவுசெய்யப்பட்டது.

கிடைக்கும் பயன்

சுவீடனில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி ஏற்றியவர்களிடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஏற்றியவர்களிடையே 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் அறிவிக்கப்பட்டது. உலகில் வருடத்துக்கு ஏறத்தாழ 350,000 பெண்கள் இறக்கும் ஒரு நோயைப் பற்றியே இவ்விலக்கங்கள் பேசுகின்றன.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். படிவம் வந்தால் அதை வாசியுங்கள். பிள்ளைக்கு முன்னர் ஏதாவது ஊசிக்கோ மருந்துக்கோ ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சந்தேகத்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். ஊசியின் பின் பிள்ளைக்கு ஏதும் வித்தியாசமாகத் தெரிந்தால் அங்கேயே அறிவியுங்கள். உங்கள் முறைப்பாடு ஒவ்வொன்றும் அடுத்த பிள்ளையின் பாதுகாப்புக்கு உதவும் தகவல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் எம்முடையது.

தங்கைமாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். படிவத்தில் கையொப்பமிடுவது உம்மா வாப்பாதான். ஊசி ஏறுவது எமது கையில். ஆகவே என்ன ஏற்றப்படுகிறது, எதற்காக என்று நீங்களும் கேட்டறியுங்கள். இந்த ஊசி எல்லா வகைப் பப்பிலோமா வைரசையும் தடுக்காது. அதனால் நாம் வளர்ந்த பின்னும் பரிசோதனை தேவைப்படும். எமது தாய்மாருக்கோ அவர்களின் சிறுவயதில் இந்த ஊசியே இருக்கவில்லை. 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் இலவசமாகச் செய்யப்படும் பரிசோதனைக்கு உங்கள் உம்மா போயிருக்கிறாரா என்று இன்றிரவு கேளுங்கள். போகவில்லையென்றால், அடுத்த கிளினிக் எந்த நாள் என்று விசாரித்து, கூடவே போங்கள்.